ஞானஸ்நானம் எடுத்தவருடன் யார் இருக்கிறார்கள்?

போன வாரம் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. நான்கு மாதமாக ஆராதனைக்கு வரவில்லை. யார் மேலும் கோபமில்லை. "எடுக்கிறவரைக்கும் தினமும் யாராவது போன் பண்ணுவாங்க ஐயா. அப்புறம் ஒருத்தரும் கூப்பிடலை. எப்படி ஜெபிக்கிறதுன்னு யார்கிட்ட கேக்கிறதுன்னே தெரியலை" என்றார். இந்த வருடம் இப்படிக் கேட்பது மூன்றாவது முறை. மேய்ப்பனாக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞானஸ்நான வகுப்புதான் சீஷத்துவம், அதாவது இயேசுவின் சீஷராக வாழப் பழகுவது, என்று நினைத்துவிட்டோம். நான்கு வாரப் பாடம், ஒரு ஞாயிறு தொட்டியில் முழுக்கு, பதிவேட்டில் பெயர், முடிந்தது. இல்லை, முடியவில்லை! மத்தேயு 28:19, 20ஐ முழுவதும் வாசியுங்கள். கிரேக்க மூலத்தில் அங்கே கட்டளையாக நிற்கும் வினை ஒன்றுதான்: சீஷராக்குங்கள். ஞானஸ்நானம் கொடுப்பதும் உபதேசிப்பதும் அதற்குள் அடங்கியவை. நம் தமிழ் வேதாகமத்தில் 'சீஷராக்கி' என்று எச்சமாக வருவதால் இது கண்ணில் படுவதில்லை. ஆனால் 'கைக்கொள்ளும்படி' என்ற சொல் தமிழிலேயே இருக்கிறதே. தெரிந்துகொள்ளும்படி என்றில்லை, கைக்கொள்ளும்படி. அதை நான்கு வாரத்தில் யார் கற்றுக்கொடுக்க முடியும்? ஆதி சபையின் ஊழியர்களான பர்னபாவும் சவுலும் (பவுல்) அந்தியோகியா பட்டணத்துச் சபைக்கு உபதேசித்து ஒரு வருடம் முழுவதும் அங்கே இருந்தார்கள்.

1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவ இயக்கத்தார் தங்கள் கட்டடக் கடனை அடைக்க, 12 பேருக்கு ஒருவர் என்று வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில்தான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியவந்தது. ஒருவரையொருவர் விசாரித்துத் தாங்கும் அவர்களுடைய சிறு குழுக்கள், 'வகுப்புக் கூட்டங்கள்', அப்படித்தான் தொடங்கின.

மூப்பர்களே, ஒருவர் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கும் அன்றே அவருடன் ஒரு வருடம் நடக்க ஓர் ஆளைப் பேசி வையுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வாரம் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், டீக்கடையானாலும் சரி. வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பிவிட்டு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருடைய வேலையிலும் கல்யாணத்திலும் உத்தரவு போடாதீர்கள். அவர் இயேசுவின் சீஷர், உங்களுடைய சீஷர் அல்ல.

"எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாதே" என்று ஒதுங்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தயவுசெய்து ஒதுங்காதீர்கள். அந்தத் தம்பி வேத விளக்கம் கேட்கவில்லை. நீங்கள் ஜெபிக்கும்போது பக்கத்தில் உட்கார ஓர் இடம்தான் கேட்டார். இந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்.