தற்காலிகம்னா எத்தன வருசம் சார்?

கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்க் கூட்டங்களுக்குப் போய்ப் பேசுவதும் அந்த வேலையில் சேர்த்திதான். ராதாபுரம் பக்கம் ஒரு கூட்டத்தில், அணுஉலையில் பயன்படுத்திய எரிபொருளை எப்படிச் சேமிக்கிறார்கள் என்று படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினேன். முன்வரிசையில் இருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"எல்லாஞ் சரி சார். தற்காலிகம்னு சொல்லுதீங்களே, தற்காலிகம்னா எத்தன வருசம்?"

"அது மேலிடத்தில் எடுக்கிற முடிவு" என்று மழுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அதே கூட்டத்தில், அது குண்டு மாதிரி வெடிக்குமா என்றும் கேட்டார்கள். அதற்குப் பதில் தயாராக இருந்தது. வெடிக்காது, அணுகுண்டுக்குத் தேவையான செறிவு அந்த எரிபொருளில் கிடையாது. அதன் ஆபத்து வேறு வகை: சூடும் கதிர்வீச்சும்.

உலையை நிறுத்திய கணத்திலும் முழுத் திறனில் 6, 7 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. அதில் 7 சதவீதம் என்றால் 200 மெகாவாட்டுக்கு மேல். ஒரு நாளில் அது அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் இறங்குவதெல்லாம் மெதுவாகத்தான். அடுப்பை அணைத்த பிறகும் சுடுகிற தோசைக்கல்லைச் சிலர் உதாரணம் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. கல் தான் வாங்கிய சூட்டைத்தான் கக்கும். இது சூட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

அதனால் முதலில் தண்ணீர்த் தொட்டி. எரிபொருள் கற்றைகளுக்கு, அதாவது எரிபொருள் அடைத்த குழாய்க் கட்டுகளுக்கு, மேலே சுமார் 7 மீட்டர் தண்ணீர் நிற்கும். சூட்டை வாங்குவதும் கதிர்வீச்சைத் தடுப்பதும் அந்தத் தண்ணீர்தான். கரையில் நின்று எட்டிப் பார்க்கலாம். ஆனால் தொட்டிக்குப் பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், குறைகிற தண்ணீரை நிரப்ப ஆள் வேண்டும்.

2011 மார்ச்சில் புகுஷிமாவில் மின்சாரம் போனது. நான்காம் உலைக் கட்டடத்தின் மேல்பகுதி ஹைட்ரஜன் வெடிப்பில் சிதைந்தது. அங்கே தொட்டியில் 1535 கற்றைகள் இருந்தன. தண்ணீர் வற்றிவிட்டதோ என்று உலகமே பதறியது. நல்லவேளை, வற்றவில்லை. 2014 டிசம்பரில்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து முடித்தார்கள். அதே வளாகத்தில் இன்னொரு கட்டடத்தில், தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே ஆறும் 9 உலர் கலன்களுக்குள் 408 கற்றைகள் இருந்தன. சுனாமித் தண்ணீர் அந்தக் கட்டடத்துக்குள்ளும் புகுந்தது. கலன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் போனால் நின்றுபோவதற்கு அங்கே பம்பே கிடையாது.

இந்தக் கலனை நாங்கள் 'காஸ்க்' என்போம். தொட்டியில் ஐந்து வருடமாவது ஆறிய கற்றைகளை எஃகு உருளைக்குள் வைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே ஹீலியம் வாயு நிரப்பி, மூடியை வெல்டிங் செய்வார்கள். அந்த உருளையைத் தடித்த காங்கிரீட் கூட்டுக்குள் இறக்குவார்கள். கூட்டின் அடியில் காற்று நுழையும், சூடேறி மேலே வெளியேறும். அவ்வளவுதான். வேறு வகைகளும் உண்டு; இதுதான் அமெரிக்காவில் பரவலாக இருப்பது.

அதற்காகக் கலன்கள் விஷயத்தில் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்தில் 2018 ஆகஸ்டில், சுமார் 50 டன் உருளை ஒன்றைக் குழிக்குள் இறக்கும்போது விளிம்பில் மாட்டிக்கொண்டது. தூக்கிப் பிடித்த வார்கள் தொய்ந்துவிட்டன. கீழே 18 அடி ஆழம். இறங்கி உட்கார்ந்துவிட்டது என்றே வேலையாட்கள் நினைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அப்படியே நின்றது. விழவில்லை. சும்மா நிற்கும் கலனைவிட, அதைத் தூக்கி இறக்கும் நேரத்தைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன்.

இன்னொன்று உப்புக்காற்று. கடலோரத்தில் எஃகு உருளையின் வெல்டிங் ஓரங்களில் உப்புப் படிந்தால், வருடங்கள் போகப் போக மெல்லிய விரிசல் விழ வாய்ப்புண்டு. காங்கிரீட் கூட்டுக்குள் இருப்பதால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சின்ன ரோபோவில் கேமரா பொருத்தி உள்ளே அனுப்பித்தான் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு வைப்பதென்றால் இது பெரிய விஷயமில்லை. நூறு வருடம் என்றால்? ஆக, அந்தப் பெரியவர் கேட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் உலர் சேமிப்பு, வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி அணுமின் நிலையத்தில், 1986இல் வந்தது. உரிமம் 20 வருடத்துக்கு. பிறகு 40 வருடம் நீட்டினார்கள். இப்போது 2046 வரை. 1998 ஜனவரி 31 முதல் எரிபொருளை அரசாங்கமே எடுத்துக்கொள்ளத் தொடங்கும் என்று 1982இல் அங்கே சட்டம் போட்டிருந்தார்கள். நிரந்தரமாகப் புதைக்கத் தேர்ந்தெடுத்த யக்கா மலையில் இன்றுவரை ஒரு கற்றைகூடப் போய்ச் சேரவில்லை. மெய்ன் யாங்கி என்ற நிலையத்தை 1997இல் மூடி, 2005க்குள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். எரிபொருள் நிறைந்த 60 கலன்கள் மட்டும் அங்கேயே நிற்கின்றன, வேலியும் காவலும் சூழ.

கூடங்குளத்துக்கு வருவோம். முதல் ஒப்பந்தப்படி பயன்படுத்திய எரிபொருள் ரஷ்யாவுக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும். பிறகு அது மாறி, இந்தியாவே வைத்துக்கொள்வது என்றானது. 2013 மே 6 தீர்ப்பில், ஐந்து வருடத்துக்குள் 'உலைக்கு அப்பால்' சேமிப்பு மையம் அமைக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் அவகாசம் கேட்டு 2022 ஏப்ரல் வரை வாங்கினார்கள். 2019 ஜூலையில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 'அப்பால்' என்றதும் எங்கோ தொலைவில் என்று பலர் நினைக்கிறார்கள். திட்டமிட்டது அதே வளாகத்துக்குள்தான். எங்கள் துறை வைக்கிற பெயர்களே இப்படித்தான், கேட்பவரைக் குழப்பும்.

இந்தியாவின் கொள்கை எரிபொருளை மறுசுழற்சி செய்வது. அதனால் இதைக் கழிவு என்று சொல்லாதீர்கள், சொத்து என்பார்கள் என் பழைய சகாக்கள். கொள்கை அளவில் சரிதான். ஆனால் சொத்தானாலும் கழிவானாலும் அதிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருடம் ஆகும். புளூட்டோனியம்-239 பாதியாக 24,000 வருடம்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால், வெடிக்குமா என்ற கேள்வியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அனுமதி எந்தத் தேதி வரை, அந்தத் தேதியில் இந்தப் பொருள் எங்கே போகும், அதுவரை உருளையையோ தொட்டியையோ யார் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள், அந்தச் சோதனை முடிவு ஊருக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். என்னைப் போல யாராவது மழுப்பினால், அந்த மழுப்பலையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.