பழைய கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? தயவுசெய்து ஃபார்மேட் செய்யாதீர்கள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். போன வாரம் ஒரு அம்மா டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்தார். நினைத்த நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறதாம். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். "வைரஸ்" என்று சொல்லி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து ஃபார்மேட் செய்து கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடி, மறுபடி அதே தொல்லை. "தம்பி, எங்க வீட்டுக்காரர் போனப்புறம் அவர் படமெல்லாம் அதுலதான்பா இருந்துச்சு" என்றார். சோதித்துப் பார்த்தால், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதன் மேலேயே விண்டோஸை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஹேங் ஆனால் வைரஸ், வைரஸ் என்றால் ஃபார்மேட். இந்த எண்ணத்தை யார்தான் நம் தலையில் ஏற்றினார்களோ! வைரஸால் கம்ப்யூட்டர் மந்தமாகலாம், ஹேங்கும் ஆகலாம். ஆனால் எட்டு, பத்து வருடம் ஓடிய பெட்டி திடீர் திடீரென்று நிற்கிறது என்றால் முதலில் உள்ளே இருக்கும் சாமானைத்தான் சந்தேகப்பட வேண்டும். "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, அதான் ஹேங் ஆகுது" என்றும் சிலர் சொல்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான இலவச ஆதரவு முடிந்தது உண்மை. பாதுகாப்புக்கு அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அதனால் கம்ப்யூட்டர் நிற்காது.

ஃபார்மேட் செய்ததும் சரியாகிவிட்டதே என்பீர்கள். கெட்டுப்போன இடத்தில் இருந்த ஃபைலைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. அதனால்தான் எல்லாம் நின்றது. புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது அந்த ஃபைல்கள் வேறு இடத்துக்குப் போய்விடலாம். அப்போது கொஞ்ச நாள் ஓடும். பழுது அங்கேயேதான் இருக்கிறது, பரவியும் கொண்டிருக்கிறது. பழைய படங்கள் இருந்த இடத்தில் புது ஃபைல்கள் எழுதப்பட்டுவிட்டால் அவற்றை மீட்க யாராலும் முடியாது.

அடுத்த முறை நிற்கும்போது ஒன்று செய்யுங்கள். கீபோர்டில் நம்லாக் பட்டனைத் தட்டுங்கள். விளக்கு அணைந்து எரிகிறதா? மவுஸ் அம்பும் நகர்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை, பெட்டியின் முன்னால் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க்தான். டக் டக்கென்று சத்தமும் வந்தால் அந்த நொடியே அணைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். யூடியூபைப் பார்த்து, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிடாதீர்கள்! சாகும் டிஸ்க்கை அது இன்னும் வதைக்கும். சத்தம் இல்லையென்றால் முதலில் படங்களை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டால் பழைய கம்ப்யூட்டரும் துள்ளிக்கொண்டு ஓடும்.

நம்லாக் விளக்கே அசையவில்லை என்றால் ரேம் (தற்காலிக நினைவகச் சில்லுப் பலகை), சூடு, பவர் சப்ளை (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி), இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். ரேம் சுலபம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். அதன் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இதுவே பல பெட்டிகளுக்குப் போதும்.

சூடு விஷயத்தில் நம் வீடுகளுக்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. சாமி மேடைக்குக் கீழேயோ பக்கத்திலேயோ கம்ப்யூட்டரை வைப்பது. சாம்பிராணிப் புகையும் சாமி விளக்கின் எண்ணெய்க் கரியும் தூசியோடு சேர்ந்து, கம்ப்யூட்டரின் மூளையான சிபியுவின் விசிறிக்கு அடியில் கம்பளி மாதிரி ஒட்டிக்கிடக்கும். ஊதினாலும் போகாது, பிரஷ்ஷால் சுரண்டித்தான் எடுக்கிறேன். சாமியை நகர்த்த வேண்டாம், கம்ப்யூட்டரை நகர்த்துங்கள். வருடம் ஒரு முறையாவது தூசி தட்டக் கொடுங்கள், சிபியுவின் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடவே கூடாது, அதில் உருவாகும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கொன்றுவிடலாம்.

பவர் சப்ளையை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கோலாலம்பூரில் மத்தியான இடி மின்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வானம் கறுத்தாலே பிளக்கையும், மோடத்திலிருந்து வரும் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

என்னிடமோ வேறு யாரிடமோ கொடுக்கும்போது, "என் ஃபைல்களை நகல் எடுக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.