ஒரே மீன், ஊருக்கொரு நிறம்

குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசினால் போதும், விளவங்கோடா தோவாளையா என்று கேட்பவர் சொல்லிவிடுவார். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் ட்ரோபியஸ் மீனுக்கு நிறம்தான் அந்தப் பேச்சு. உடம்பு செக்கச் சிவப்பா, அது மொலிரோ. கரும்பச்சை உடம்பில் மஞ்சள் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறதா, அது இலாங்கி. இரண்டுமே ஏரியின் தென்மேற்குக் கரையில் உள்ள இடங்களின் பெயர்கள். அறிவியல் பெயரோ இரண்டுக்கும் ஒன்றுதான்: ட்ரோபியஸ் மூரி. 1898இல் மீனியலாளர் புலேஞ்சர் வைத்த பெயர் அது. ட்ரோபியஸ் என்ற பேரினத்துக்குள் இப்படி நூறுக்கும் மேற்பட்ட நிற வகைகள் இருக்கின்றன. அவற்றில் எது தனி இனம், எது வெறும் ஊர் வகை என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ஏன் இத்தனை நிறம்? ஏரியின் கரையைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். ஏரியின் நீளமே சுமார் 670 கிலோமீட்டர். நம் மாவட்டக் கடற்கரையைப் போல ஒன்பது, பத்து மடங்கு. அந்தக் கரை முழுக்கப் பாறையும் இல்லை, முழுக்க மணலும் இல்லை. முட்டத்திலும் கடியபட்டணத்திலும் பாறை, சொத்தவிளையில் மணல் என்று இங்கே மாறி மாறி வருவதுபோலத்தான் அங்கேயும். ட்ரோபியஸ் ஆழமில்லாத பாறைகளில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். மணலில் அதற்குத் தீனியும் இல்லை, ஒளிந்துகொள்ள இடுக்கும் இல்லை. ஆகவே மணல் விரிகுடாவையோ ஆற்று முகத்தையோ தாண்டி அடுத்த பாறைக்குப் போவது அதற்குப் பெரும்பாலும் நடக்காத காரியம்.

அப்படியானால் முட்டத்துப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், கிடைக்கும் கலவா மீனும் இனயத்துப் பாரில் கிடைக்கும் கலவாவும் ஏன் வேறு வேறு நிறத்தில் இல்லை? கலவா முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு நாள்கணக்கில் மிதந்து எந்தப் பாரில் வேண்டுமானாலும் போய்ச் சேரும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஊர்கள் கலந்துவிடுகின்றன. ட்ரோபியஸில் மிதக்கும் பருவமே கிடையாது. தாய் ஐந்து முதல் பதினைந்து வரை முட்டையிடும். ஒவ்வொன்றும் சிறிய கொண்டைக்கடலை அளவு. அவற்றை வாயில் வாங்கி ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருக்கும். பிறகு, முழுதாக உருவான குஞ்சுகளை அதே பாறையிடுக்கில் விடும். பாட்டி பிறந்த பாறையில்தான் பேத்தியும் பிறக்கிறாள்.

பிரிந்து கிடப்பதால் மட்டும் நிறம் வேறாகிவிடாது. பிரிந்த கூட்டம் சிறியதாக இருந்தால், தொடங்கி வைத்த சில மீன்களின் மரபணுக்களே அந்தப் பாறையின் தலைவிதி ஆகிவிடும். தற்செயலாக வந்த ஒரு மஞ்சள் அங்கே ஊர் முழுக்கப் பரவலாம். துணை தேடும்போது தன் நிறத்தையே நாடும் பழக்கம் அந்த வேறுபாட்டை இறுக்கிப் பிடிக்கிறது. சோதனைகளில் தெரிந்த ஒரு நுணுக்கம் இங்கே முக்கியம்: நிறம் வெகுவாக வேறுபட்ட வகைகளைச் சேர்த்து விட்டால் அவை பெரும்பாலும் தம் நிறத்தோடே சேருகின்றன, நிறம் அருகருகே இருந்தாலோ தயங்காமல் கலக்கின்றன. ஏரியும் சும்மா இருக்கவில்லை. பழைய வறட்சிக் காலங்களில் நீர்மட்டம் பல நூறு மீட்டர் இறங்கியது, பிறகு ஏறியது. அப்போதெல்லாம் பிரிந்தவை சந்தித்தன, சேர்ந்தவை பிரிந்தன. 1992இல் ஸ்டர்ம்பாவரும் மேயரும் வெளியிட்ட மரபணு ஆய்வு எல்லோரையும் புருவம் உயர்த்த வைத்தது. உருவத்தில் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இந்த ஒரே பேரினத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு, ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான மலாவியின் அத்தனை வகைச் சிக்லிடுகளுக்குள்ளும் (ட்ரோபியஸும் சேர்ந்த மீன் குடும்பம்) இருப்பதைப்போல இரண்டு மடங்கு. வெளியே மாறியது நிறம் மட்டும்தான். உள்ளே நெடுங்காலப் பிரிவு கிடக்கிறது.

இனி தோலுக்கு வருவோம். செதிலின் மேல் மூன்று, நான்கு விதமான நிறச்செல்கள் இருக்கின்றன. கறுப்புச் செல்லில் மெலனின் துகள்கள். அவை செல் முழுதும் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் வெளிறும். மஞ்சளும் சிவப்பும் வேறு செல்களில். அந்த நிறப்பொருளில் ஒரு பகுதி, கரோட்டினாய்டு, தீனியிலிருந்துதான் வரவேண்டும். நீலம் நிறப்பொருளே அல்ல. குவானின் படிகங்கள் அடுக்கடுக்காக நின்று ஒளியைத் திருப்புவதால் வரும் தோற்றம் அது. எந்தச் செல் எங்கே எவ்வளவு என்பதை ஊர் மரபணு முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைப் பயமும் சண்டையும் தீனியும் முடிவு செய்கின்றன. அடிபட்ட மீன் நிமிடத்தில் நிறம் இழந்து கோடு கோடாகும். ஆகவே தொட்டியில் ஒரே ஒரு நாள் பார்த்து ஊரைத் தீர்மானிக்கக் கூடாது.

இத்தகைய மீன்களைத் தொட்டியில் வளர்க்க வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது குஞ்சுப் பருவம். ட்ரோபியஸ் டுபாய்சி குஞ்சு எந்த ஊராக இருந்தாலும் கறுப்பில் வெள்ளைப் புள்ளிதான். வளர்ந்த பிறகே புள்ளி மறைந்து உடம்பின் குறுக்கே பட்டை வரும். மாஸ்வா வகைக்கு அது அகலமான மஞ்சள். வேறு இடத்து மீனுக்கு ஒல்லியாகவோ வெள்ளையாகவோ இருக்கும். குஞ்சை வாங்கும்போது விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரமில்லை. தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மலாவி ஏரியின் பீகாக். நாகர்கோவிலில் ‘ஆப்பிரிக்கன் சிக்லிட்’ என்று கேட்டால் முதலில் காட்டப்படுவது இதுவாகத்தான் இருக்கும். இதிலும் இங்காரா, உசிஸ்யா, சிலும்பா என்று ஊர் வகைகள் உண்டு. ஆனால் நிறம் ஆணுக்கு மட்டும். பெண்கள் எல்லா ஊரிலும் ஒரே சாம்பல் பழுப்பு. இரண்டு ஊர்ப் பெண்கள் ஒரு தொட்டியில் கலந்துவிட்டால், பிரித்துத் தரத் தேர்ந்த கண்ணாலும் முடியாது. கலப்பு தெரியவருவது குஞ்சுகள் வளர்ந்து நிறம் காட்டும்போதுதான். ஓ.பி. பீகாக், டிராகன் பிளட் போன்றவை எந்தக் கரையிலும் இல்லை. மனிதர் கலந்து உண்டாக்கியவை. அழகுக்கு வளர்ப்பதில் தவறில்லை, ஊர் வகை என்று விலை கொடுப்பதுதான் தவறு.

மூன்றாவது ஹார்மோன். பீகாக் ஆண் சாதாரணமாக ஆறேழு சென்டிமீட்டர் தாண்டித்தான் முழு நிறம் காட்டும். நான்கு சென்டிமீட்டர் மீன்கள் ஒரு தொட்டி நிறைய, ஒன்றுவிடாமல் மின்னினால் அது ஹார்மோன் தீவனத்தின் வேலை. சில வாரங்களில் சாயம் போகும். அதோடு அஸ்டாசாந்தின் என்ற சிவப்புக் கரோட்டினாய்டு கலந்த ‘கலர் தீவனம்’ மஞ்சள் வகையை ஆரஞ்சுக்கு இழுத்துவிடும். இலாங்கியை இலாங்கியாகவே பார்க்க வேண்டுமானால் ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) தீவனத்தோடு நிறுத்துங்கள். ட்ரோபியஸின் நீண்ட குடல் பாசிக்கானது. இரத்தப்புழு, மாட்டு இதயம் கொடுத்தால் வயிறு உப்பிச் சாகும், பெரும்பாலும் ஒன்றல்ல, கூட்டமாக.

நிறம் நிற்கத் தண்ணீரும் ஒத்துழைக்க வேண்டும். டாங்கனிக்கா நீரின் பி.எச். 9ஐ ஒட்டியது. நம் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பொதுவாக மென்னீர். நூறு லிட்டருக்கு 30 கிராம் ஆப்பச் சோடா கரைத்தால் கார்பனேட் கடினத்தன்மை ஏறக்குறைய 10 ஜெர்மன் டிகிரி (கடினத்தன்மையை அளக்கும் அலகு) கூடும். காற்று நன்றாகக் கொடுத்தால் பி.எச். 8.3 அளவில் நிற்கும், வீட்டில் பிறந்த மீனுக்கு அது போதும். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போடக்கூடாது. சோடாவைத் தொட்டியில் மாற்றி ஊற்றும் தண்ணீரில் கரைத்து வாரம் கால் பங்காக ஏற்றுங்கள், நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். கடலோரக் கிணற்றில், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 600 காட்டுகிறதே என்று மகிழ வேண்டாம். அது சாப்பாட்டு உப்பாக இருக்கலாம், மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. அடியில் நொறுக்கிய கிளிஞ்சலை உப்புப் போகக் கழுவிப் பரப்பலாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் வேண்டவே வேண்டாம். இல்மனைட்டும் மோனசைட்டும் கரைந்து கடினத்தன்மை தராது, மோனசைட்டில் தோரியம் உண்டு, இல்மனைட் துகள் காந்தத் துடைப்பானில் ஒட்டிக் கண்ணாடியைக் கீறும். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்; மேலே ஒரு மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்கும்.

நான்கடி தொட்டி, சுமார் 250 லிட்டர், அதில் ஒரே ஊர் வகை பதினைந்து முதல் இருபது. ஐந்தாறு மட்டும் விட்டால் பெரியது மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டும். அடிவாங்கும் மீன் வெளிறிக் கிடப்பதை வேறு வகை என்று நினைப்பவர்களும் உண்டு. ஊர் மாறிய ஒரே ஒரு மீன் கூட அந்தத் தொட்டியில் வேண்டாம். தன் நிறத்தில் துணை கிடைக்காதபோது கிடைத்ததோடு சேரும், குஞ்சும் பிழைக்கும், அந்தக் குஞ்சும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். முதல் தலைமுறை இரண்டுக்கும் நடுவே மங்கலாக வரும். அடுத்த தலைமுறை ஆளுக்கொரு தினுசு. வேண்டாத கலப்பை மணக்குடிக் காயலிலோ ஊர்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அங்கே நம்முடைய சொந்தச் சிக்லிடுகளான கரிமீனும் பள்ளத்தியும் இருக்கின்றன.

தொட்டி மூடியில் மார்க்கரால் நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: இனப்பெயர், ஊர்ப்பெயர், வாங்கிய தேதி, யாரிடமிருந்து. ஊர் தெரியாவிட்டால் ‘ஊர் தெரியாது’ என்றே எழுதுங்கள். அதன் குஞ்சு எவ்வளவு சிவப்பாக வந்தாலும் மொலிரோ என்று விற்கக் கூடாது.