கம்பெனி வெளியிட மறுத்தால் ஆல்பம் யாருக்கு? வில்கோவை முன்வைத்து ஓர் ஒப்பந்த எச்சரிக்கை

இசை வெளியீட்டுக் கம்பெனியின் ஒப்பந்தம் கைக்கு வந்ததும் இசைக்குழுக்கள் முதலில் தேடுவது முன்பணத் தொகையைத்தான். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை: மாஸ்டர் பதிவு (பிரதிகள் எடுக்கப்படும் மூலப் பதிவு) யாருக்குச் சொந்தம், கம்பெனி வெளியிட மறுத்தால் அது யாரிடம் போகும்? அமெரிக்காவின் வில்கோ குழுவுக்கு நடந்தது இதற்கு நல்ல பாடம்.

அங்கிள் டுபெலோ குழு கலைந்த பிறகு, 1994இல் ஜெஃப் ட்வீடி தொடங்கிய குழு வில்கோ. வார்னர் குழுமத்தின் ரிப்ரீஸ் கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்தது. 1996இல் வந்த 'பீயிங் தேர்' இரட்டை ஆல்பம். அதை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கே விற்க வேண்டும் என்பதற்காகக் குழு தன் ராயல்டியை விட்டுக்கொடுத்தது. ரசிகர்கள்மீது அக்கறை கொண்ட முடிவுதான். ஆனால் இப்படி விட்டுக்கொடுப்பவர்கள், எத்தனை பிரதிகள் வரை என்று எல்லை எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரிய சிக்கல் 2001இல் வந்தது. 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தைக் குழு முடித்துக் கொடுத்த சமயத்தில், இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல், ரிப்ரீஸின் தாய்க் குழுமமான டைம் வார்னருடன் இணைந்ததையொட்டி ரிப்ரீஸில் ஆட்கள் மாறினார்கள். குழுவுக்கு ஆதரவாக இருந்த தலைவர் ஹோவி க்ளைன் விலகினார். அடுத்து முடிவெடுத்தவர்கள் ஆல்பத்தை ஏற்கவில்லை.

இங்கே மூன்று விதிகளைக் கவனியுங்கள். ஒன்று, கீ-மேன் விதி: உங்களை ஒப்பந்தம் செய்த அதிகாரி போய்விட்டால் நீங்களும் வெளியேறலாம் என்று அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதுவது. அடுத்தது ஏற்பு விதி. 'வணிகரீதியாகத் திருப்தி' என்று இருந்தால் கம்பெனியின் ரசனையே தீர்ப்பு. 'தொழில்நுட்பரீதியாகத் திருப்தி' என்று மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் உயிர்நாடி: குறித்த காலத்துக்குள், உதாரணமாக ஒப்படைத்த 120 நாளில், வெளியிடாவிட்டால் மாஸ்டர் திரும்பிவிட வேண்டும். இது இல்லையென்றால் பதிவு கம்பெனியின் அலமாரியில் முடங்கும். மறுபதிவுத் தடை விதியும் சேர்ந்துகொண்டால், அதே பாடல்களை வேறிடத்தில் பதிவு செய்யவும் வழியில்லை.

வில்கோ மாஸ்டரோடு வெளியே வந்தது. 2001 செப்டம்பரில் தன் இணையதளத்தில் முழு ஆல்பத்தையும் இலவசமாகக் கேட்கவிட்டது. 2002 ஏப்ரலில் அதை வெளியிட்ட நான்சச் கம்பெனியும் வார்னர் குழுமத்தையே சேர்ந்தது! ஒரே குழுமம் ஒரே ஆல்பத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்தது. விற்பனை 5 லட்சத்தைத் தாண்டியது.

அதே ஆல்பத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தலைப்பாக அமைந்த மூன்று சொற்களை ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரு பாடலில் கேட்கலாம். அது சிற்றலை வானொலி ஒலிகளைத் தொகுத்து இர்டியல் கம்பெனி வெளியிட்ட 'தி கானெட் புராஜெக்ட்' என்ற தொகுப்பிலிருந்து அனுமதி பெறாமல் எடுத்தது. வழக்கு வந்தது; 2004இல் பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். சில நொடி சாம்பிள் (பிறர் பதிவிலிருந்து எடுத்த துண்டு) ஆனாலும் பதிவின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும்; அதில் பாடலோ இசையோ இருந்தால் அதை எழுதியவரிடமும் தனியாக வாங்க வேண்டும். எடுத்த இடம், நீளம், உரிமையாளர் பெயர் ஆகியவற்றைப் பதிவு நாளிலேயே குறித்துவைத்து, மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) முன்பே அனுமதியை முடித்துவிடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இழப்பீட்டுப் பொறுப்பு கலைஞர் தலையில்தான் விழுகிறது.

2001இல் குழுவிலிருந்து விலகிய ஜே பென்னட், தனக்கு ராயல்டி பாக்கி என்று 2009இல் ட்வீடிமீது வழக்குப் போட்டார். உறுப்பினர் விலகும் நாளிலேயே எந்தப் பாடலில் எத்தனை சதவீதம், குழுவைப் பற்றி ஆவணப்படம் வந்தால் பங்கு உண்டா என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

2011இல் வில்கோ டிபிபிஎம் என்ற சொந்த லேபிளைத் தொடங்கியது. விநியோகத்தை மட்டும் ஆன்டி கம்பெனி பார்த்துக்கொண்டது. இதுபோன்ற விநியோக ஒப்பந்தத்திலும் கால அளவு, கணக்குத் தணிக்கை உரிமை, ஒப்பந்தம் முடிந்தபின் மீதிச் சரக்கை விற்கும் கெடு ஆகிய மூன்றையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.