‘கலாசாரப் பாதுகாப்பு’: காக்கப்படுவது எது?

‘கல்ச்சுரல் சேஃப்டி’ என்ற மருத்துவத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கலாசாரப் பாதுகாப்பு’ என்று வரும். முல்லைத்தீவில் அதை வாசிப்பவருக்குக் கோவலன் கூத்தும் தொல்பொருள் திணைக்களமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் தொடரில் காக்கப்பட வேண்டியவர் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி.

பொருள் இதுதான்: சிகிச்சைக்கு வந்தவர் தன் இனம், மொழி, வழிபாடு, பிழைப்பு என்பவற்றுக்காகச் சிறுமைப்படாமலும், அவற்றை மறைக்க வேண்டிய நிலை வராமலும் பராமரிக்கப்படுவது. அப்படி நடந்ததா என்று சொல்லும் உரிமை பராமரிப்பைப் பெற்றவருக்கே உண்டு. “நாங்கள் நல்லாத்தான் நடத்தினோம்” என்று விடுதித் தாதி சொல்வது இங்கே கணக்கில் வராது.

தொடர் பிறந்த இடம் நியூசிலாந்து. 1988இல் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தாதிய மாணவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் முதலாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து, சட்டப் பாதுகாப்பு, அறநெறிப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டு வழியில் எங்களுக்குப் பாதுகாப்பு எங்கே என்ற கருத்தில் கேட்டார். அந்தக் கேள்வியைக் கோட்பாடாக வளர்த்தவர் மாவோரித் தாதியும் ஆசிரியருமான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் (1946–2003). 1992இல் அந்நாட்டுத் தாதியர் சபை அதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்கியது. பின்னணியில், மாவோரித் தலைவர்கள் பிரித்தானிய அரசோடு 1840ஆம் ஆண்டில் செய்த வைத்தாங்கி ஒப்பந்தம் இருக்கிறது. அரசோடு கையொப்பமிட்ட ஒரு தரப்பாக மாவோரிகள் பேசினார்களே தவிர, சலுகை கேட்டு நிற்கவில்லை.

அதற்கு முன்பும் பிற பண்பாடுகளைப் பற்றித் தாதியருக்குப் படிப்பித்தார்கள். இன்ன இனத்தார் இதைச் சாப்பிடார், இன்ன நாளில் குளியார் என்று பட்டியல் போட்டு மனனம் செய்யும் படிப்பு அது. ராம்ஸ்டன் விளக்கை மறுபக்கம் திருப்பினார். தாதி முதலில் தன் வளர்ப்பையும், தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். வேறுபாடு உண்டென அறிவது முதற்படி. தன் பழக்கம் எதிரிலிருப்பவரை என்ன செய்கிறது என உணர்வது அடுத்தது. பாதுகாப்பு அதன் பிறகுதான். எல்லாரையும் ஒரேமாதிரிப் பார்க்கிறோம் என்ற பெருமையையும் அவர் ஏற்கவில்லை. வேறுபாட்டைக் கண்டுகொண்டு பராமரி என்பதே அவர் வழி.

விடுதியில் இது சின்னச் சின்னக் காரியமாகத்தான் தெரியும். மாவோரிகளுக்குத் தலை புனிதமானது. காலுக்கு அண்டை கொடுத்த தலையணையைத் திரும்பத் தலைக்கு வைத்தாலோ, படுக்கையில் மலசலம் எடுக்கும் ‘பெட் பான்’ பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாலோ அவமதிப்பு. அவர்கள் மொழியில் ‘ஃபெனுவா’ என்றால் நிலம், இளங்கொடியும் அதுவே. ஆகவே பிரசவத்தின்பின் இளங்கொடி வேண்டுமா என்று குடும்பத்தைக் கேட்டு, வேண்டுமென்றால் மண்ணில் புதைக்கக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்த காலத்தில் மருத்துவிச்சி அதை வளவில் புதைத்ததைக் கண்ட தலைமுறை வன்னியிலும் இருக்கிறது.

பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவின் கியூபெக்கில் 2020 செப்டெம்பர் 28 சாட்சி. ஏழு பிள்ளைகளின் தாயான ஜாய்ஸ் எச்சாகுவான் என்ற, அத்திக்கமெக்குப் பூர்வகுடி இனப் பெண், வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி, ஊழியர்கள் தன்னை ஏசுவதைக் கைபேசியில் நேரலையாகக் காட்டினார். அன்றே இறந்தார். இனவெறியும் பாரபட்சமும் அவர் சாவுக்குப் பங்களித்தன என்று மரண விசாரணை கண்டது.

இந்தத் தொடரோடு சேர்ந்து வரும், ஒரு நாட்டின் ஆதிக்குடிகளைக் குறிக்கும் ‘இண்டிஜினஸ்’ என்ற சொல்லைப் பெயர்ப்பதிலும் இலங்கையில் ஒரு பொறி உண்டு. ‘சுதேச’ என்று எழுதினால் வாசகர் சித்த, ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போய்விடுவார். ‘சுதேச மருத்துவம்’ என்பது அரச வழக்கில் அதைத்தான் குறிக்கிறது. மாவோரி, அத்திக்கமெக்கு போன்றோருக்குப் ‘பூர்வகுடி’ பொருந்தும். வேடருக்கு ‘ஆதிவாசி’ என்பதும் வழக்கில் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் தம்மை ‘வன்னியல எத்தோ’, காட்டு மக்கள், என்பர். (ஒலி ஒத்துப்போகிறதே என்று வன்னிக்கு வரலாறு கட்டப் புறப்படவேண்டாம்.) வாகரை, மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறவர்கள். மொழி ஒன்றானதால் சிக்கல் இல்லை என்று அவர்கள் விடயத்தில் நினைப்பது பிழை.

அதே பிழை வன்னியிலும் நடக்கிறது. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் பூர்வகுடிகள் அல்ல. ஆனாலும் நியூசிலாந்தின் பிந்திய வழிகாட்டல்கள் தொழில், பொருளாதார நிலை, குடிபெயர்வு, மதம், வயது என்பவற்றையும் பண்பாட்டுக்குள் சேர்த்திருப்பதால் தொடர் இங்கும் செல்லும். கிளினிக் வாங்கில் இருக்கும் தாயின் காதுபட “தோட்டக்காட்டார்” என்ற இழிசொல் விழுந்தால், இரும்புக் குளிசை கொடுத்ததும் எடை பார்த்ததும் சரியாக இருந்தும், அவர் அடுத்த மாதம் வராமல் விடலாம். பதிவேட்டில் அது ‘வரவில்லை’ என்று மட்டும் இருக்கும்.

நடைமுறையில் மருத்துவமாது முதற்பதிவிலேயே கேட்கவேண்டியவை சில: எப்படிக் கூப்பிடுவது, யார் கூட இருக்கவேண்டும், பிள்ளை பிறந்தபின் வீட்டில் என்ன செய்வார்கள், என்ன சரக்கு, குடிநீர் எடுக்கிறார், முன்பு வைத்தியசாலையில் மனம் நொந்தது உண்டா. “விளங்கினதோ?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், “வீட்டுக்குப் போய் அவருக்கு என்ன சொல்லுவீங்கள்?” என்று கேட்டால்தான் விளங்கினது தெரியும். சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியருக்குப் பத்து வயது மகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. தாய் தன் இரத்தப்போக்கைப் பற்றி மகள் வாயால் சொல்லமாட்டார், பாதி விடுபடும்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதும் பாதுகாப்பு ஆகாது. துடக்கு 31 நாளும், வீட்டு வாசலில் செருகிய வேப்பிலையும் யாருக்கும் தீங்கில்லை. சிசுவுக்குச் சீனித்தண்ணி பருக்குவதும், வயிறு போடும் என்று பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணியைக் குறைப்பதும் தீங்கு. ஆனால் ஏசினால் வழக்கம் நிற்காது, ஒளிந்துகொள்ளும். அடுத்த முறை கேட்டால் “தாய்ப்பால் மட்டும்தான் மிஸ்” என்ற பதில் வரும். தண்ணியைக் குறைக்கச் சொல்கிற அம்மம்மாவையும் கூட்டி வரச்சொல்லி, கொதித்தாறிய தண்ணியோ மல்லித்தண்ணியோ தாய்க்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரோடு பேசுவது பலன் தரும்.

இனி, தமிழில் எதை எழுதுவது? ‘பண்பாட்டுத் திறன்’, ‘பண்பாட்டுப் பணிவு’ இரண்டும் வேறு கருத்துகளின் பெயர்கள். இரண்டும் பராமரிப்பவரின் குணத்தைப் பேசுகின்றன. ‘பண்பாட்டு ஏமம்’ அழகுதான் (ஏமம் என்பது பாதுகாப்புக்குப் பழந்தமிழ்ச் சொல்), ஆனால் கிளினிக் சுவரில் ஒட்டினால் யாருக்கும் விளங்காது. ‘பண்பாட்டுத் தீங்கற்ற பராமரிப்பு’ என்பது எமது பரிந்துரை. ‘பூர்வகுடிக் குடும்பங்களுக்குப் பண்பாட்டுத் தீங்கற்ற பராமரிப்பு’ என்று எழுதினால் தொல்பொருள் திணைக்களம் நினைவுக்கு வராது. வாய்ப்பேச்சில் அதுவும் நீளம் என்றால், ‘மரியாதை கெடாத வைத்தியம்’ என்று சொல்லலாம்; அறிக்கையில் மட்டும் அப்படி எழுதக்கூடாது, ஏனென்றால் அங்கே மரியாதையை யார் அளப்பது என்பது விடுபட்டுப்போகும்.