ஸ்டென்ட் வைத்த மறுநாள் ட்ரோபோனின் ஏறினால்

காலை ரவுண்ட்ஸில் ஒரு மகன் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். "அடைப்பைத்தான் சரிபண்ணிட்டீங்களே டாக்டர், அப்புறம் ஏன் ட்ரோபோனின் ஏறியிருக்கு? அப்பாவுக்கு மறுபடியும் அட்டாக்கா?" அப்பா கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நியாயமான பயம்தான். ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அடைபட்ட இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போதே அப்படி அடிபடலாம். பலூனை விரிக்கும் அந்தச் சில விநாடிகள் அந்தக் குழாயில் ரத்தம் நின்றுவிடும். திரையில் ஈசிஜி கோடு மேலே எழும்பும், "நெஞ்சை அழுத்துது" என்பார் நோயாளி. பலூனைச் சுருக்கியதும் கோடு இறங்கிவிடும். பெரும்பாலும் இதனால் பாதிப்பு தங்குவதில்லை. தங்குவது வேறு இரண்டால்: நசுங்கிய கொழுப்புப் படிவின் துகள்கள் கீழே நுண்குழாய்களில் போய் அடைப்பது, ஸ்டென்ட் விரியும்போது பக்கத்துக் கிளையின் வாய் மூடிக்கொள்வது. சுண்ணாம்பு படிந்த நீளமான அடைப்பு என்றால் இந்த ஆபத்து கூடுதல்.

ஆனால் எண் ஏறினாலே மாரடைப்பு ஆகிவிடாது. 2018-இல் வந்த சர்வதேச வரையறைப்படி, முன்பு இயல்பாக இருந்த ட்ரோபோனின் இயல்பின் மேல்வரம்பைப்போல் 5 மடங்கைத் தாண்ட வேண்டும். கூடவே ஈசிஜி மாற்றமோ, எக்கோவில் (இதய ஸ்கேனில்) புதிதாகச் சரியாகச் சுருங்காத பகுதியோ, ஆஞ்சியோ படத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டதோ தெரிய வேண்டும். இந்த அப்பாவுக்கு 3 மடங்குதான். ஈசிஜி, எக்கோ இரண்டும் பழையபடியே. தசையில் சிறு காயம், அவ்வளவுதான். மாரடைப்போடு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கு எண் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும். அதனால் முந்தைய அளவு என்ன என்று கேளுங்கள்.

எண்ணைவிட எனக்குக் கவலை தருவது சொல்லாமல் விடும் வலி. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா, இரவு இரண்டு மணியிலிருந்து நெஞ்சு வலியைப் பொறுத்துக்கொண்டே படுத்திருந்தார். "இப்பத்தானே பண்ணினாங்க, இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். நர்ஸம்மா தூங்காம நிக்கிறாங்க, பாவம்." ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. உடனே மறுபடி கேத் லேபுக்கு, அதாவது ஸ்டென்ட் வைக்கும் அறைக்கு. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஐந்து மணி நேரத்துத் தசை போனது போனதுதான்.

அதற்கப்புறம் வார்டுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் அழைப்பு மணியைக் கொடுத்து, என் கண்முன்னாலேயே ஒருமுறை அழுத்தச் சொல்கிறேன்.