எச்சரிக்கை எழுதுவதும் படைப்புத்தான்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு தொழில்நுட்பக் குறிப்புகளையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். கதை, கவிதை எழுதுபவர்களுக்குத்தான் கற்பனை வேண்டும், கருவிக் கையேடோ வானிலை அறிவிப்போ எழுதுபவருக்குத் தகவல் பிழையின்றி இருந்தால் போதும் என்ற எண்ணம், இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடமும் எங்களுக்கு வேலை தரும் அலுவலர்கள் பலரிடமும் இருக்கிறது. கடலை நம்பி வாழும் குமரி மாவட்டத்தில் அந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

புயல் சின்னம் உருவாகும் நாட்களில் வரும் அறிவிப்பை எல்லோரும் கேட்டிருப்போம். குமரிக்கடல் மற்றும் அதை ஒட்டிய பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும் என்பதால் மீனவர்கள் அப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள் என்ற போக்கில் அது நீளும். தாளில் படிக்க இதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நம் கடற்கரை ஊர்களில் இது பெரும்பாலும் ஆலய ஒலிபெருக்கி வழியாகவே காதுக்கு வருகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். காற்று இரைச்சலில் வாக்கியத்தின் பின்பாதி கேட்காமல் போனால், போகக் கூடாது என்ற செய்தியே போய்விடும். "இன்று கடலுக்குப் போகாதீர்கள்" என்பதைத் தனி வாக்கியமாக முதலில் வைத்து, காரணத்தை அடுத்துச் சொல்லி, முடிவில் அதே வாக்கியத்தை மீண்டும் சொல்வதே காதுக்கு எழுதும் முறை.

ஒருமுறை முட்டம் துறைமுகத்தில் அப்படியொரு வரைவை ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். "அறுபத்தஞ்சு கிலோமீட்டருண்ணா பஸ்ஸு போற வேகம். காத்து எந்தப் பக்கம் நிண்ணு வருதுண்ணு சொல்லு மக்ளே" என்றார். மேற்கிலிருந்து வரும் கச்சானா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று தெரிந்தால் படகை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். எண்ணை மாற்ற நமக்கு உரிமை இல்லை. எதை முதலில் சொல்வது, எதைச் சேர்த்துச் சொல்வது, யார் எந்த நிலையில் இருந்துகொண்டு கேட்கிறார் என்று நினைத்துப் பார்ப்பது ஆகியவையே நம் கையில் உள்ளவை. இந்தத் தொழிலின் படைப்பாற்றல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலானபோது, தூத்தூர் வட்டார ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலில் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வாக்கியம் அவர்களுக்கு எவ்விதத்திலும் பயன்படாது. புயல் எந்தத் திசையில் நகர்கிறது, எந்தப் பக்கம் விலகினால் தப்பலாம், ஒதுங்க எந்தத் துறைமுகம் அருகில் இருக்கிறது என்பதே அவர்களுக்கு வேண்டிய செய்தி. கரையில் இருப்பவருக்கு ஒன்று, கடலில் இருப்பவருக்கு ஒன்று என இரண்டு அறிவிப்புகள் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கள்ளக்கடலைப் பற்றி எழுதுவது இன்னும் கடினம். தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்றில் எழும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே கரையேறுகின்றன. உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. அறிவிப்பில் அலையின் உயரம் மீட்டரிலும், அலைகளுக்கு இடையிலான நேரம் விநாடியிலும் தரப்படும். ஒன்றரை மீட்டர் என்றதும் சுற்றுலா வந்தவர் நெஞ்சளவுதானே என்று நினைப்பார். ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் ஏறக்குறைய 100 மீட்டர், 16 விநாடி அலையின் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர் என்பதும், உயரம் ஒன்றேயானாலும் பின்னது கரையில் மிக அதிகத் தண்ணீரைத் தள்ளும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. ஓர் எச்சரிக்கை வெளியாவதற்கும், நீரில் கால் வைக்கப்போகும் ஒருவரைச் சென்று சேர்வதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் வேதனையோடு உணர்கிறேன்.

கடற்கரைப் பலகைக்கு நான் இப்போது இப்படி எழுதுவேன்: "இன்று இங்கே நீரில் இறங்காதீர்கள். வானம் தெளிவாக இருக்கும். கடல் சற்று நேரம் அடங்கியும் இருக்கும். அடுத்த பெரிய அலை வரச் சிறிது நேரம் ஆகிறது, அவ்வளவுதான். அது நீங்கள் நிற்கும் இடத்தையும் தாண்டி வரும்." இதில் எண்ணே இல்லை, ஆனால் எண் சொல்லும் உண்மை முழுவதும் இருக்கிறது. உயரமும் விநாடியும் அதன் கீழே சிறிய எழுத்தில், வேண்டுவோர் படிக்க இருக்கட்டும்.

கருவிக் கையேடுகளுக்கும் இதே அக்கறை வேண்டும். ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியோடு வரும் புத்தகத்தில் முதலில் தயாரிப்பாளர் அறிமுகம், பிறகு பாகங்களின் பெயர், அதற்கும் பிறகே ஆபத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது வருகிறது. படகு சாய்ந்துகொண்டிருக்கும் இரவில், ஈரக் கையோடு எவரும் பக்கம் புரட்டப் போவதில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்திய பிறகு எந்த விளக்கு எரிந்தால் செய்தி போய்விட்டது என்று பொருள் என்ற இரண்டையும் கருவியின் மேலேயே, நனைந்தாலும் அழியாத தாளில், பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களையும் அங்கேயே எழுதலாம்.